மயில் மேல் ஒரு பிராது

ஓம் சரவணபவ.

போன கிருத்திகை அன்று நம்ம ஊர் பஜனை மடத்தில் அடியேன் பேசினதை, வர முடியாத அன்பர்களுக்காக எழுதி அனுப்பச் சொன்னார்கள். சேத்தியாத்தோப்பு பக்கத்தில் பேசின பேச்சு. அதனால் வெள்ளாற்று வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்குங்க.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுப் பூஜை அறையில் முருகன் படம் இருக்கும். அதில் மயில் இருக்கும். அந்த மயிலோட கால் என்ன நிறம்? தோகை எந்த இடத்திலிருந்து முளைக்குது? விரிச்ச தோகையைப் பின்னாடி எது தாங்கிப் பிடிக்குது?

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற நமக்கு இதுக்குப் பதில் தெரியுமா? எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருஷம் தெரியாமலேதான் இருந்தேன். போன வருஷம்தான் தெரிஞ்சுது. தெரிய வைத்தவர் என் தாய்மாமா. அதோடு சேர்ந்து நான் செய்ய இருந்த ஒரு பெரிய பாவமும் தடுக்கப்பட்டுது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். மறைக்காமல் சொல்றேன்.

எங்க தாத்தா சக்கரம் சுற்றினவர். பானை, சட்டி, அடுப்பு, அய்யனார் கோயில் குதிரை எல்லாம் அவர் கையில் வரும். மாமா தலையெடுத்த காலத்தில் பானைக்கு மவுசு போயிடுச்சு. அதனால் மாமா விருத்தாசலத்துக்குச் செராமிக் வேலைக்குப் போனார். விருத்தாசலம் செராமிக் ஊர்னு உங்களுக்குத் தெரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கிற வெள்ளைக் களிமண், அதை நம்பி ஒரு தொழிற்பேட்டை, அந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசுப் பயிலகம் எல்லாம் அங்கே உண்டு. பியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரைக்கும் செய்வாங்க.

பொம்மை எப்படிச் செய்றாங்க தெரியுமா? களிமண்ணைக் கூழ் மாதிரி கரைச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவாங்க. அச்சு தண்ணியைக் குடிச்சுக்கும். ஓரத்தில் மண் கனமா ஒட்டி நிற்கும். மீதியை வெளியே கொட்டிட்டு, கொஞ்சம் இறுகினதும் அச்சைப் பிரிச்சா பொம்மை ரெடி. எங்க மாமா இப்படி இருபத்தஞ்சு வருஷத்தில் எத்தனை மயில் ஊற்றியிருப்பார்னு அவருக்கே கணக்கு கிடையாது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அத்தைக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போச்சு. ஆபரேஷன் ஆச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மாமா வேண்டிக்கிட்டார். "முருகா, இவ எழுந்து நடந்தா, மூணு அடி உசரத்துக்குத் தோகை விரிச்ச மயிலை என் கையால மண்ணுல செஞ்சு உன் கோயில்ல வைக்கிறேன்." அச்சில் ஊற்றி இல்லை. கையால்.

அத்தை எழுந்து நடந்தாங்க. இப்போ நல்லா இருக்காங்க. மாமா கைதான் நடக்கலை.

தைப்பூசத்துக்கு முதல் மயில் செய்தார். தோகையைப் பெரிய தட்டு மாதிரி தட்டி உடம்போடு ஒட்டினார். காயும்போதே பாரம் தாங்காமல் ஒட்டின இடத்தில் விரிசல் விட்டு, ராத்திரியோட ராத்திரியா தோகை கீழே விழுந்துடுச்சு. மாசியில் இரண்டாவது. இந்தத் தடவை விழக் கூடாதுன்னு மண்ணைக் கனமா வைத்தார். வெளியே காய்ந்த மாதிரி இருந்துது, உள்ளே ஈரம் இருந்துது. சூளையில் சூடு ஏற ஏற, அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடிச்சு, மயில் நாலா உடைஞ்சு கிடந்துது.

மாமா ரெண்டு நாள் சாப்பிடலை. அப்போ அத்தை கேட்டாங்க:

"ஏங்க, இத்தினி வருஷமா மயிலு மயிலா ஊத்தினீங்களே, ஒரு மயிலை நின்னு பாத்திருக்கீங்களா?"

மாமாகிட்ட பதில் இல்லை.

இப்போ என் கதைக்கு வருவோம். எனக்கு ஆற்றோரமா ஒன்றரை ஏக்கர் நிலம். சம்பா அறுத்ததும் உளுந்து விதைப்போம். நம்ம பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, இப்போ மயில் தொல்லை தாங்க முடியலைன்னு. முன்னெல்லாம் மயிலைப் பார்க்க மலைக்குப் போகணும். இப்போ கருவேலம் புதர் எல்லாத்திலும் மயில். விடிகாலையில் இருபது மயில் இறங்கினா உளுந்து என்னத்துக்கு ஆகும்? விதை போட்ட கூலியும் போச்சு, பூச்சி மருந்துக் காசும் போச்சு.

நான் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவன். இருந்தாலும் வயிறு எரியுதே! என்ன செய்தேன் தெரியுமா? நேரா மணவாளநல்லூருக்குப் போனேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கு. அந்தக் காலத்தில் அது காடு. கொளஞ்சிச் செடிப் புதருக்குள் ஒரு பசு தினமும் பாலைச் சொரிஞ்சுது, விலக்கிப் பார்த்தா பலிபீடம் மாதிரி ஒரு கல், அதுவே நம்ம முருகன்னு தல வரலாறு. அங்கே 'பிராது கட்டுறது'ன்னு ஒரு வழக்கம். நமக்கு நடந்த அநியாயத்தைத் தாளில் எழுதி, சாமி முன்னாடி வைச்சுப் பூஜை பண்ணி, முனியப்பர் சந்நிதியில் கட்டிட்டு வரணும். கொளஞ்சியப்பர் நீதிபதி மாதிரி விசாரிச்சுத் தீர்ப்பு சொல்வார்.

நான் எழுதின பிராது இதுதான்: "உன் வாகனம் என் வயலில் மேயுது. நஷ்டம் தாங்கலை. நீ தடுத்துக் குடு."

சிரிக்காதீங்க. முருகன்கிட்டயே முருகன் மயில் மேல் பிராது!

பத்து நாள் பார்த்தேன். மயில் நிற்கலை. பதினோராம் நாள் எனக்குள் ஒரு அசுரன் புகுந்தான். கடையில் போய் ஒரு மருந்து வாங்கினேன். நெல்லில் கலந்தேன். ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் நாலரை மணிக்கு டப்பாவை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனேன்.

வரப்போரம் கருவேல மரத்தடியில் யாரோ குந்தியிருக்காங்க. பார்த்தா மாமா! மடியில் ஈரத்துணி சுற்றின ஒரு களிமண் உருண்டை.

"என்ன மாமா இங்க?"

"சத்தம் போடாத மாப்ள. உக்காரு. இப்ப வரும்."

"என்ன வரும்?"

"நாலு நாளா வரேன். உக்காருடா."

உட்கார்ந்தேன். கிழக்கு வெளுத்துது. முதல்ல பெட்டை மயிலுங்க ஏழெட்டு வந்துது. அப்புறம் ஒரு ஆண் மயில். வரப்பு மேல் ஏறி நின்று, மெல்ல மெல்லத் தோகையைத் தூக்கிச்சு. மாமா என் கையைப் பிடிச்சு அழுத்தினார்.

"முன்னாடி பாக்காத. அது திரும்பும். அப்ப பின்னாடி பாரு."

திரும்பிச்சு. அப்போதான் அன்பர்களே, என் வாழ்க்கையில் முதல் தடவையா மயிலோட முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன். நாம நினைக்கிற மாதிரி தோகை அதோட வால் இல்லை. வாலுக்கு மேலே, முதுகிலிருந்து முளைக்கிற நீளமான இறகுகள் அவை. 150-க்கு மேல் இருக்குமாம். உண்மையான வால் அதுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கு. குட்டையா, பழுப்பா, விறைப்பா ஒரு விசிறி மாதிரி. அந்தக் குட்டை வால்தான் நிமிர்ந்து நின்று, அத்தனை பெரிய தோகையையும் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்குது. முன்னாடி நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

மாமா கண்ணில் தண்ணி. "பாத்தியாடா மாப்ள. என் மயிலு ஏன் விழுந்துதுன்னு இப்பத்தான் தெரியுது. தாங்குறதுக்கு ஒரு வாலை நான் வைக்கவே இல்ல. இருபத்தஞ்சு வருஷமா நான் செஞ்சது எதுவும் மயிலே இல்லடா."

பேசிக்கிட்டே திரும்பினவர் கண்ணில் என் டப்பா பட்டுது.

"அதுல என்னாது?"

நான் வாய் திறக்கலை. மாமா மூடியைத் திறந்தார். வாடை வந்துது. அவர் திட்டலை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் மெதுவா கேட்டார்:

"காவடியில ரெண்டு பக்கமும் என்ன கட்டுற மாப்ள?"

அவ்வளவுதான் அன்பர்களே. அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் எனக்கு நிற்கக் கால் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து வயலைத் தாண்டி ஆழமா ஒரு குழி தோண்டி அந்த நெல்லைப் புதைச்சோம்.

மயில் நம்ம நாட்டின் தேசியப் பறவை. 1963-ல் அறிவிச்சாங்க. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கு. கொன்றால் மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரைக்கும் சிறை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா சட்டத்தை நினைச்சு நான் கையைக் கீழே போடலை. அந்தக் குட்டை வாலைப் பார்த்ததால் போட்டேன். ஒன்றை உண்மையா ஒரு தடவை பார்த்துட்டோம்னா, அதைக் கொல்றதுக்கு மனசு வராது. அடியேனுக்கு முருகன் கொடுத்த பாடம் இது.

இப்போ வள்ளியம்மையை நினைச்சுப் பாருங்க. அவங்க யார்? குறவர் மகள். தினைப்புனம் காத்தவங்க. அவங்க பயிரிலும் கிளி வந்துது, மயில் வந்துது. அவங்களுக்கும் அது வயிற்றுப்பாடுதான். அவங்க விஷம் வைச்சாங்களா? பரண் மேல் ஏறி நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடி விரட்டினாங்க. விரட்டினாங்களே தவிரக் கொல்லலை. அந்த விரட்டல் பாட்டாச்சு. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் முருகன் வேடனா, வேங்கை மரமா, கிழவனா வந்து நின்றான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் நாடகத்தை இன்னைக்கும் நம்ம ஊர்த் திருவிழாக்களில் விடிய விடியப் பார்க்கிறோமே, அதில் ஜனங்க காத்திருக்கிற இடமே அந்த ஆலோலம்தான். பயிர் காக்கிற வேலை கலையாச்சு. கலை கல்யாணமாச்சு. வள்ளி விஷம் வைச்சிருந்தா ஆலோலமும் இல்லை, முருகனும் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான்.

நானும் மாமாவும் வயலில் ஒரு பரண் போட்டோம். சுற்றிப் பழைய சேலை கட்டினோம். முறை வைச்சுத் தகரம் தட்டினோம். பொய் சொல்ல மாட்டேன், அப்படியும் ரெண்டு மூட்டை உளுந்து போச்சு. ஆனா மீதி வீடு வந்துது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "சாமி கும்பிடுறவன் சாமியை நினைக்கணும். செடியையும் பறவையையும் வேடிக்கை பார்த்தா பக்தி கலையாதா?" மடத்தில் ஒரு பெரியவர் இதைத்தான் கேட்டார். நல்ல கேள்வி. இதுக்கு நக்கீரர் கதையே பதில்.

திருப்பரங்குன்றத்தில் குளக்கரையில் உட்கார்ந்து நக்கீரர் சிவபூஜை செய்துக்கிட்டு இருந்தார். கரையில் இருந்த மரத்திலிருந்து ஒரு இலை விழுந்துது. பாதி தண்ணியில், பாதி தரையில். தண்ணியில் விழுந்த பாதி மீனாச்சு, தரையில் விழுந்த பாதி பறவையாச்சு. ஒன்றை ஒன்று இழுக்குது. நக்கீரர் பூஜையை விட்டுட்டு அதைப் பார்த்தார். பூஜை தவறினவங்களைப் பிடிச்சு அடைக்கிற கற்கிமுகி என்ற பூதம் அவரைத் தூக்கிக் குகையில் போட்டுது. ஏற்கெனவே 999 பேர் உள்ளே. இவர் ஆயிரமாவது ஆள்.

குகைக்குள் இருந்து அவர் பாடினதுதான் திருமுருகாற்றுப்படை. 317 அடி. முருகன் வந்து வேலால் குகையைப் பிளந்து ஆயிரம் பேரையும் விடுவிச்சான் என்பது வரலாறு.

அந்தப் பாட்டு எங்கே போய் முடியுதுன்னு கவனிச்சீங்களா? பழமுதிர்சோலை அருவியில். தேனடை சிதறுது, பலாப்பழம் விழுது, குரங்கு குளிரில் நடுங்குது, யானை மேல் சாரல் தெறிக்குது, வாழை முறியுது, மிளகுக்கொத்து சாயுது, மயில் அஞ்சுது, காட்டுக்கோழி ஓடுது, கரடி பாறை இடுக்கில் போய்ப் புகுது. ஒரு மலைக்காட்டில் மழைக்காலத்தில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அதில் இருக்கு.

யோசிங்க. இலையைப் பார்த்ததால் சிறைப்பட்டவர், விடுதலைக்காகப் பாடும்போது காட்டைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாமே? ஆனா அவர் காட்டிலேயே போய் முடிச்சார். ஏன்னா பார்த்தது தப்பில்லை. முதல் தடவை இலையைப் பார்த்தபோது முருகனை விட்டுட்டு இலையைப் பார்த்தார். அது வேடிக்கை. இரண்டாவது தடவை அருவியைப் பார்த்தபோது முருகன் வீட்டு வாசல்னு பார்த்தார். அது வழிபாடு. கண்ணு ஒன்றுதான், பார்வை வேற.

தொல்காப்பியம் மலையும் மலைசார்ந்த இடத்தையும் சேயோனுக்குக் கொடுத்திருக்கு. குறிஞ்சிதான் அவன் வீடு. அப்படின்னா மலை இல்லாத நம்ம ஊருக்கு அவன் யார்? இதுதான் மாமாவுக்கும் அடுத்து வந்த கவலை. "மயிலைப் பாத்துட்டேன். அவன் மலையைப் பாக்கலியே"ன்னார். சித்திரையில் ரெண்டு பேரும் கொல்லிமலைக்குப் போனோம்.

70 கொண்டை ஊசி வளைவு. எனக்குத் தலை சுற்றல். மாமா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கலை. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டு, ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி ஆகாய கங்கைக்குப் போனோம். கோடையில் தண்ணி கம்மிதான். ஆனா வழியெல்லாம் பலா மரம், அதில் ஏறின மிளகுக்கொடி. நக்கீரர் எழுதின பெயர்கள் எல்லாம் உசிரோட நிக்குது! மாமா ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்பார், கொடி எப்படிச் சுற்றுது, இலை எந்தப் பக்கம் மடியுதுன்னு தொடாமல் பார்ப்பார். ஒரு இலை பறிக்கலை.

திரும்பும்போது ஒரு ஓடைக்கரையில் குனிஞ்சு சேற்றை விரலில் எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தார். அப்படியே நின்றுட்டார்.

"மாப்ள, இது நம்ம ஊரு மண்ணு மாதிரியே இருக்குடா."

விளையாட்டா சொன்னார்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். நம்ம வெள்ளாறு எங்கிருந்து வருது? ஆகாய கங்கைத் தண்ணி காவிரிப் பக்கம் போயிடும். ஆனா அதே கொல்லிமலையில் உற்பத்தியாகிற சுவேத நதியும், சேலத்து மலைகளிலிருந்து வர்ற வசிஷ்ட நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு. கல்வராயன் மலையிலிருந்து வர்ற மணிமுத்தாறு விருத்தகிரீஸ்வரரைத் தொட்டுக்கிட்டு வந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்குது. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடலில் சேருது. மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் காலகாலமாச் சிதைஞ்சு, பொடியாகி, மண்ணாகி, இந்த ஆறுகள் வழியா வந்து நம்ம கரையிலும் ஏரியிலும் படிஞ்சிருக்கு. நாம மிதிக்கிற களிமண் மலையோட பொடி!

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலைன்னும் சொல்வாங்க. ஆனா ஊருக்குள் போய்ப் பார்த்தா குன்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மற்ற மலைக்கெல்லாம் முந்தின மலை, பூமிக்குள் அடங்கியிருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு அன்றைக்குத்தான் அதில் ஒரு அர்த்தம் தெரிஞ்சுது. மலைக்குப் போக முடியாத ஏழைக்கு, மலையே மண்ணாகிக் காலடிக்கு வந்து கிடக்குது. குயவன் கையில் இருக்கிறது முருகன் வீடு.

மாமா ஊருக்கு வந்ததும் வற்றின ஏரியில் மண் எடுத்தார். மணலும் உமியும் சேர்த்து மிதிச்சார். இந்தத் தடவை அச்சும் இல்லை, தட்டும் இல்லை. மண்ணைக் கயிறு மாதிரி திரிச்சு, வளையம் வளையமா அடுக்கி, உள்ளே கூடா, விரல் கனத்துக்கு வயிறு எழுப்பினார். ஆவி போக அடியில் துளை விட்டார். கால் சாம்பலும் பழுப்பும் கலந்த காலாகவே இருக்கட்டும்னு வண்ணம் வேண்டாம்னுட்டார். தோகைக்குப் பின்னால் அந்தக் குட்டை வாலை விசிறி மாதிரி வைச்சு, அது மேல் தோகையைச் சாய்ச்சார். மூணு வாரம் நிழலில், ஈரத்துணி போட்டு, மெல்ல மெல்லக் காய வைத்தார். தோகை அசையலை.

வைகாசி விசாகத்துக்கு நாலு நாள் முன்னாடி சூளை வைச்சோம். வைக்கோல், விறகு, வறட்டி, மேலே சேற்றுப் பூச்சு. சூளை ஆறுற வரைக்கும் மாமாவும் அத்தையும் பக்கத்திலேயே இருந்தாங்க. திறக்கிற அன்று அத்தை வேல்மாறல் சொல்லிக்கிட்டே நின்றாங்க. சாம்பலை விலக்கினோம்.

மயில் முழுசா நின்றுது. செக்கச் செவேல்னு. கொண்டையில் மட்டும் ஒரு கொழுந்து உடைஞ்சிருந்துது.

"ஒட்டிடலாம் மாமா"ன்னேன்.

"வேணாம் மாப்ள. அவன் செஞ்ச மயிலுக்குத்தான் கொண்டை முழுசா இருக்கணும். நான் செஞ்சதுக்கு இது போதும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஞாபகம் வந்தார். அவர் நம்ம பக்கத்துக்காரர். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போற வழியில் இருக்கிற ராஜேந்திரபட்டினம், அதுதான் பாடல் பெற்ற திருஎருக்கத்தம்புலியூர். அவர் பிறந்த ஊர். மனைவி மதங்கசூளாமணியாரோடு, ஞானசம்பந்தர் போன ஊருக்கெல்லாம் கூடவே நடந்து யாழ் வாசிச்சார். "இவர் யாழால்தான் பாட்டு இனிக்குது"ன்னு உறவுக்காரங்க பெருமை பேசினாங்க. அது அவருக்கு வலிச்சுது. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடணும்னு சம்பந்தர்கிட்ட வேண்டினார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடினார். யாழால் தொடர முடியலை. யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கிட்டார். சம்பந்தர் தடுத்து, யாழில் வருகிற அளவுக்கு வாசியுங்கள் போதும்னு ஆற்றினார். யாழ்முரிப் பதிகம் என்ற பெயர் அதனால் வந்தது.

கலை செய்கிற ஒவ்வொருத்தருக்கும் இந்த ரெண்டும் வேணும். 'என்னால் அடக்க முடியாது' என்ற பணிவு ஒன்று. 'அதுக்காகக் கருவியை உடைக்காதே, வந்த வரைக்கும் வாசி' என்ற ஆறுதல் ஒன்று. இயற்கை ஆண்டவன் பாட்டு. நம்ம கை வெறும் யாழ். கொண்டையில் ஒரு கொழுந்து உடையத்தான் செய்யும்.

விசாகத்தன்று மயிலைத் தட்டு வண்டியில் வைச்சு, மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டு போய் வைத்தோம். மாமா எல்லோரையும் பின்பக்கம் வந்து பார்க்கச் சொன்னார். "முன்னாடி நிக்கிறது தோகை. பின்னாடி நிக்கிறது நம்மள மாதிரி ஆளுங்க"ன்னார். கோயில் பெருக்குற அம்மா அதைக் கேட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

மறுவாரம் நான் மணவாளநல்லூர் போனேன். கட்டின பிராதைத் திரும்ப வாங்கிக்கிற வழக்கமும் அங்கே உண்டு. கொளஞ்சியப்பர் முன்னாடி நின்றேன். முகம் இல்லை, கை இல்லை, வேல் இல்லை, மயில் இல்லை. காட்டில் கிடைச்ச கல் கிடைச்ச மாதிரியே இருக்கு. அதில் எந்தச் சிற்பியும் உளி வைக்கலை. அப்போ நினைச்சேன்: எவ்வளவு பார்த்தாலும், எவ்வளவு செய்தாலும், கடைசியில் நம்ம கை படாத ஒன்றுக்கு முன்னாடிதான் கும்பிட்டு நிற்கிறோம். "சாமி, மயில் மேல எனக்கு வழக்கு இல்ல. என் மேலதான் இருக்கு. மன்னிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு மூட்டை உளுந்து நஷ்டத்துக்கு என் கண்ணைத் திறந்து தீர்ப்பு சொன்ன நீதிபதி அவர்.

அன்பர்களே, கடைசியா மூணு வேண்டுகோள்.

முதலாவது. கோலம் போடுறவங்க, காவடி கட்டுறவங்க, அலங்காரம் செய்யிறவங்க, பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தர்றவங்க, செல்போனில் இருக்கிற படத்தைப் பார்த்து வரையறதுக்கு முன்னாடி, ஒரு நாள் விடியலில் போய் உண்மையானதை உட்கார்ந்து பாருங்க. மயிலோ, சேவலோ, கடம்ப மரமோ. அரை மணி நேரம் போதும். அதுவும் ஒரு பூஜைதான்.

இரண்டாவது. காவடிக்கு மயிலிறகு வாங்கும்போது எங்கிருந்து வந்துதுன்னு கேளுங்க. ஆண் மயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை தோகை இறகு தானா உதிரும். உதிர்ந்த இறகு முருகன் கொடுத்தது. பிடுங்கின இறகு திருடினது. அதைத் தோளில் சுமந்து மலையேறி என்ன புண்ணியம்?

மூணாவது. பாதயாத்திரை போகும்போது மலையிலிருந்து கண்ணால் எடுத்துக்கிட்டு வாங்க. கையால் பறிக்காதீங்க. பிளாஸ்டிக் கவரை அவன் வீட்டு வாசலில் போட்டுட்டு வராதீங்க. மலையில் போட்டது ஆற்றில் இறங்கி ஒரு நாள் நம்ம வயலுக்கே வரும். களிமண் வந்த வழி அதுதானே?

உளுந்து விதைக்கிற அன்பர்களே, இந்த வருஷமும் மயில் வரும். பரண் போட ஆள் வேணும்னா சொல்லுங்க. அடியேனும் மாமாவும் வர்றோம். ஆலோலம் பாட எனக்கு வராது, தகரம் நல்லா தட்டுவேன்.

எல்லோருக்கும் கொளஞ்சியப்பர் அருள் கிட்டட்டும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!